நாளுக்கு இருபது கிலோமீற்றர் ஓட டீசல் கார் வேண்டுமா?

யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் இருக்கும் ஓர் ஆசிரியை எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அவருக்கு வயது 38. இரண்டு பிள்ளைகள். கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். இதுவரை எல்லா ஓட்டமும் ஸ்கூட்டியில்தான். போன மாரியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது சறுக்கி விழுந்து சின்னவளின் கை முறிந்திருக்கிறது. அதற்குப் பிறகு கார் வாங்குவதென்று முடிவெடுத்திருக்கிறார்கள். மாமியார் மட்டும் "ஆடம்பரம்" என்கிறாராம். வீட்டிலிருந்து நகரப் பாடசாலைக்கு 9 கிலோமீற்றர். வழியில் மூத்தவரை நல்லூரில் இறக்க வேண்டும். பின்னேரங்களில் ரியூசன், சந்தை, ஆஸ்பத்திரி. மாதம் ஒருமுறை கிளிநொச்சியில் அம்மா வீடு. எல்லாம் சேர்த்து மாதம் 750 கிலோமீற்றர் அளவு.

தரகர் ஒருவர் 2015ஆம் ஆண்டு மஸ்டா டெமியோ, 1,500 சிசி டீசல் கார் ஒன்றைக் காட்டியிருக்கிறார். அதே ஆண்டு சுசுகி வேகன் ஆர் பெற்றோல் காரை விட விலை 4 இலட்சம் கூட. லண்டனில் இருக்கும் அண்ணா பத்து வருடமாக டீசல் கார்தான் ஓடுகிறார், "கண்ணை மூடிக்கொண்டு எடு" என்கிறார். முன்பணத்தில் பாதியும் அவர்தான் தருகிறார். கணவரின் தம்பியோ, "புதுசுகள் எல்லாம் கொம்பியூட்டர், பழைய ரொயோட்டா கோர்சா டீசலைப் பாருங்கோ அண்ணி" என்கிறார். மிச்சக் காசுக்கு லீசிங். பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் தரலாம், செலவு மிச்சம் என்று தரகர் சொல்லியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: டீசல் மலிவுதானே? டீசல் என்ஜின் நீண்ட காலம் உழைக்கும் என்பது உண்மையா? திரும்பவும் தட்டுப்பாடு வந்தால் அப்பா பழைய ஒஸ்ரின் ஏ40 காரை ஓட்டியது மாதிரி மண்ணெண்ணெயில் சமாளிக்கலாமா? ஓப்பன் பேப்பர் பரவாயில்லையா?

சகோதரிக்கு,

சின்னவளின் கை தேறி வருகிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதை முதலில் எழுதியிருந்தால் மற்றதை நிம்மதியாக வாசித்திருப்பேன். மழையில் இரண்டு பிள்ளைகளை ஸ்கூட்டியில் ஏற்றிப் போகிற தாய்க்குக் கார் ஆடம்பரம் இல்லை. அதை யாருக்கும் நீங்கள் நியாயப்படுத்தத் தேவையில்லை. எந்தக் கார் என்பதற்கு வருகிறேன்.

வாகனப் பொறியியலாளராகவும் மதிப்பீட்டாளராகவும் வேலை செய்பவன் என்ற முறையில் என் முடிவை முதலே சொல்கிறேன்: உங்கள் ஓட்டத்துக்கு இந்த டீசல் கார் பொருந்தாது. டெமியோ கூடாத கார் என்று நான் சொல்லவில்லை, அது நல்ல கார். ஆனால் டீசல் என்ஜின் தூர ஓட்டத்துக்குப் பிறந்தது. நீங்கள் ஓடப்போவது இருபாலைச் சந்தி, கல்வியங்காடு, முத்திரைச் சந்தி என்று நின்று நின்று போகிற ஒன்பது கிலோமீற்றர்.

அண்ணாவுக்கு ஏன் பிழைக்கவில்லை

அண்ணா பொய் சொல்லவில்லை. தினமும் மோட்டார்வேயில் ஒரு மணித்தியாலம் ஓடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

2010க்குப் பிறகு வந்த ஜப்பானிய, ஐரோப்பிய டீசல் கார்கள் பெரும்பாலானவற்றில் புகைக் குழாயோடு ஒரு கரி வடிகட்டி இருக்கும். கராஜ்காரர் டிபிஎஃப் என்பார்கள். டீசல் எரியும்போது வரும் நுண்ணிய கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரளவு நிரம்பியதும் என்ஜின் தானாகவே கூடுதல் டீசலை விட்டு, புகையின் சூட்டை 600 பாகை அளவுக்கு உயர்த்தி, சேர்ந்த கரியை எரித்துச் சாம்பலாக்கும். இதற்கு என்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். பிறகு பத்து, இருபது நிமிடம் நிற்காமல், ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். மோட்டார்வேயில் அண்ணாவுக்கு இது தெரியாமலே நடந்துவிடும். நீங்களோ நல்லூரில் மூத்தவரை இறக்க நிற்பீர்கள், பிறகு பாடசாலை வாசலில் என்ஜினை நிற்பாட்டுவீர்கள். தண்ணி கொதிக்கிற நேரம் பார்த்து ஒவ்வொரு நாளும் அடுப்பை அணைப்பது மாதிரி இது. எரிப்பு பாதியில் நிற்கும், கரி அப்படியே கிடக்கும், அடுத்த நாள் திரும்பவும் தொடங்கும்.

பாதியில் நின்ற ஒவ்வொரு எரிப்பிலும் எரியாத டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவரோடு வழிந்து என்ஜின் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் நீர்த்துப் போகும். ஒயில் கோலை இழுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாக மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கும், டீசல் மணக்கும். "ஒயில் குறையவே இல்லை, நல்ல என்ஜின்" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அதுதான் முதல் எச்சரிக்கை. நீர்த்த ஒயிலில் முதலில் அடிபடுவது என்ஜினுக்குள் காற்றை அழுத்தும் டர்போவும் பெயாரிங்குகளும். டாஷ்போட்டில் மஞ்சள் விளக்கு வந்த பிறகும் ஓடினால் கார் தன்னைத்தானே வேகம் குறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கராஜ்தான்.

மாதம் ஒருமுறை கிளிநொச்சி போகிறீர்களே, அது போதாதா? 65 கிலோமீற்றர் ஓட்டம் வடிகட்டிக்கு நல்ல மருந்து. ஆனால் மருந்துக்கு ஒரு மாதம் காத்திருப்பது நீண்ட இடைவெளி. கிழமைக்கு ஒருமுறையாவது ஏ9 வீதியில் சாவகச்சேரி தாண்டிக் கொடிகாமம் வரை நிற்காமல் ஓடி வர முடிந்தால் பிரச்சினை வெகுவாகக் குறையும். இரண்டு பிள்ளைகளையும் பாடக் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, காரின் வடிகட்டிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கொடிகாமம் போய்வர உங்களால் முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் அண்ணாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் வாழும் நகரமே பழைய டீசல் கார்களைத் தள்ளி வைக்கத் தொடங்கிவிட்டது. 2019 ஏப்ரலில் மத்திய லண்டனில் தொடங்கி, 2023 ஓகஸ்டில் நகரம் முழுவதற்கும் விரிந்த திட்டத்தின்படி, யூரோ 6 புகைத் தரத்தை எட்டாத டீசல் கார் ஓடுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண் கட்ட வேண்டும். பத்து வருடத்துக்கு முன் அவருக்குச் சரியாக இருந்த ஆலோசனை இன்று அவருடைய ஊரிலேயே முழுதாகச் சரியில்லை.

மலிவு என்பது கணக்கா, பேச்சா

ஒரு லீற்றர் டீசலில் பெற்றோலை விடச் சக்தி கூட. டீசல் என்ஜின் அதைச் சிக்கனமாகவும் எரிக்கும். ஆகவே ஒரு லீற்றருக்குக் கூடத் தூரம் போகும் என்பது முழு உண்மை. ஆனால் எவ்வளவு மிச்சம் என்பது நீங்கள் எவ்வளவு ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எங்கள் நாட்டில் எரிபொருள் விலை அடிக்கடி மாறுகிறபடியால், கணக்கு வசதிக்காகப் பெற்றோல் 300 ரூபாய், சாதாரண ஒட்டோ டீசல் 285, கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் 320 என்று வைக்கிறேன். நீங்கள் உங்கள் பெற்றோல் செட்டில் இருக்கும் விலையைப் போட்டுத் திரும்பச் செய்து பாருங்கள். 750 கிலோமீற்றருக்கு, ஊர் ஓட்டத்தில் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் போகும் பெற்றோல் கார் 50 லீற்றர் குடிக்கும், 15,000 ரூபாய். லீற்றருக்கு 18 போகும் டீசல் கார் ஏறக்குறைய 42 லீற்றர். ஒட்டோ டீசல் அடித்தால் 11,900 அளவு. மாதம் 3,100 ரூபாய் மிச்சம்.

ஆனால் அந்தக் காருக்கு ஒட்டோ டீசல் அடிக்கக் கூடாது. அதில் கந்தகம் கூட, கரி வடிகட்டிக்கும் டீசலைத் தெளிக்கும் நுண்ணிய இன்ஜெக்டர்களுக்கும் அது ஆகாது. சுப்பர் டீசல்தான் அடிக்க வேண்டும். அப்போது செலவு 13,300, மிச்சம் மாதம் 1,700 ரூபாய் அளவு. வருடத்துக்கு 20,000. காருக்குக் கூடக் கொடுக்கிற 4 இலட்சத்தை எரிபொருளில் மீட்க இருபது வருடம் வேண்டும். லீசிங் வட்டியையும், சாம்பல் குறைந்த விசேஷ ஒயிலையும், டீசல் பில்டரையும், பெரிய பற்றரியையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. இன்ஜெக்டர்கள் பழுதானால் சில வருடத்து மிச்சம் ஒரே பில்லில் போய்விடும்.

இதையே ஓட்டம் மாறினால் பாருங்கள். வன்னிக்கு இடமாற்றம் வரலாம் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். ஆசிரியர்களுக்கு அது கற்பனை இல்லை. தினமும் கிளிநொச்சி போய் வந்தால் நாளுக்கு 130, மாதம் 22 நாளில் 2,860 கிலோமீற்றர். நெடுந்தூரத்தில் பெற்றோல் கார் லீற்றருக்கு 17 போனால் மாதம் 50,500 ரூபாய். டீசல் 22 போனால், சுப்பர் டீசலிலேயே 41,600. மாதம் கிட்டத்தட்ட 9,000 ரூபாய் மிச்சம். 4 இலட்சம் நாலு வருடத்துக்குள் திரும்பும். கரி வடிகட்டியும் தினமும் தன் வேலையைச் செய்யும். அந்த ஓட்டத்துக்கு நீங்கள் கேட்டிருந்தால் டீசலை எடுங்கள் என்று தயங்காமல் எழுதியிருப்பேன். ஆகவே இடமாற்றம் அடுத்த வருடத்துக்குள் உறுதியாக வரும் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் பேச்சிருந்தால், கார் எடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுவது புத்தி.

நீண்ட காலம் உழைக்குமா என்ற கேள்விக்கும் இதே பதில்தான். ஒழுங்காக ஒயில் மாற்றி, தூர ஓட்டம் ஓடிய டீசல் என்ஜின் பெற்றோலை விடக் கூட உழைக்கும். ஆனால் அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவை டர்போவும் வடிகட்டியும் இல்லாத பழைய என்ஜின்கள். இன்றைய டீசலில் என்ஜின் உழைக்கும், அதைச் சுற்றித் தொங்குபவை அந்தளவு உழைக்குமா என்பதுதான் யோசிக்க வேண்டியது. விற்கும் நேரத்தையும் நினையுங்கள். இந்தியாவில் மாருதி சுசுகி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. சிறிய டீசல் கார் உலகம் முழுவதும் குறைந்துகொண்டு வருகிறது. ஐந்தாறு வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் வேகன் ஆர் விற்பது உங்களுக்கு லேசாக இருக்கும்.

அப்பாவின் ஏ40

இந்தக் கேள்வியை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் கார்களை உயிரோடு வைத்திருந்த மெக்கானிக்மாருக்கு நாங்கள் எல்லாரும் கடமைப்பட்டவர்கள். எத்தனை பிரசவம், எத்தனை நோயாளி அந்தக் கார்களில் ஆஸ்பத்திரி போனது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒஸ்ரின் ஏ40 பெற்றோல் கார். அமுக்கம் குறைந்த, பொறுமையான பழைய என்ஜின். சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகையும் நாற்றமும் வந்தது, என்ஜின் தாங்கியது. அதை வைத்து இன்றைய டீசல் கார் தாங்கும் என்று சொல்ல முடியாது.

பழைய டீசல் என்ஜின்கள் சிலதுக்கு மண்ணெண்ணெய் கலந்தால் ஓரளவு ஓடும், அந்த நினைவும் ஊரில் இருக்கிறது. டெமியோ மாதிரி, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயால் டீசல் போகும் கொமன் ரெயில் கார்களில் டீசல் பம்ப் 1,500 பாருக்கு மேல் அமுக்கத்தில் வேலை செய்யும். அந்தப் பம்புக்குத் தனியாக ஒயில் இல்லை, அதற்குள்ளால் போகிற டீசல்தான் வழவழப்புக் கொடுப்பது. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்புப் போதாது. பம்பின் உள்ளே உலோகம் உரசித் தூளாகும், அந்தத் தூள் நாலு இன்ஜெக்டருக்கும் போகும். பிறகு பம்ப், ரெயில், இன்ஜெக்டர், டாங்கி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான். காசுக் கணக்கையும் முன்னைப்போல் நினைக்க முடியாது: 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனதோடு அந்தப் பழைய மலிவும் போய்விட்டது.

தட்டுப்பாடு பற்றிய பயம் நியாயமானது. 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் 470, ஒட்டோ டீசல் 460 என்று இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வந்தன. இரண்டுக்கும் வரிசை. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை அந்த வருடம் வந்தபோது டீசல் காருக்கென்று விசேஷ சலுகை எதுவும் கிடைக்கவில்லை. குறைவாக ஓடுகிற, குறைவாகக் குடிக்கிற சிறிய கார்தான் அந்த நாட்களில் சமாளித்தது. அது பெற்றோலா டீசலா என்பது பெரிய வித்தியாசம் தரவில்லை.

கோர்சா பற்றிச் சுருக்கமாக

கணவரின் தம்பி சொல்வதில் ஒரு பாதி சரி. 1,453 சிசி 1என்-ரி டர்போ டீசல் என்ஜின் உள்ள அந்தப் பழைய கோர்சாவில் கரி வடிகட்டி இல்லை, குறுகிய ஓட்டம் அதைக் கொல்லாது, எந்தக் கராஜிலும் பார்ப்பார்கள், ஒட்டோ டீசலே போதும். தனியாக ஓடுகிற ஒருவர் கேட்டிருந்தால் மறுக்க மாட்டேன். ஆனால் அது முப்பது வருடக் கார். ஏர் பேக்கும் பின் சீற்றில் ஒழுங்கான பெல்ற்றும் இருக்கும் என்று நம்ப முடியாது. நீங்கள் கார் தேடியதே பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. அவ்வளவு பழைய காருக்கு லீசிங் கொடுக்கவும் கம்பனிகள் பின்வாங்கும். புகையும் ஒரு விஷயம்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. ஒவ்வொரு காலையும் பாடசாலை வாசலில் பிள்ளைகளுக்கு நடுவில் என்ஜின் ஓட நிற்கப் போகிற கார் இது.

பேப்பரும் லீசிங்கும்

இங்கேதான் எனக்கு உங்களைப் பற்றி அதிகக் கவலை. காரில் ஒரு பிழை இருந்தால் காசு போகும். பேப்பரில் பிழை இருந்தால் காரே போகும்.

ஓப்பன் பேப்பர் வேண்டாம். விற்பவர் கையெழுத்துப் போட்ட மாற்றப் படிவத்தை வைத்துக்கொண்டு ஓடும் வரை, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் உரிமையாளர் அவர்தான். அவருக்கு ஏதாவது நடந்தால் நீங்கள் அவருடைய வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். அவர் வெளிநாடு போனாலும் இதே பாடு. விபத்து நடந்தால் காப்புறுதி கேட்கும்போது கேள்வி உங்களிடம் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தரகரின் பேச்சு ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. லீசிங்கில் எடுத்தால் கம்பனி தன் பெயரைப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராகப் போடாமல் காசு விடாது. பிறகு எப்படி ஓப்பன் பேப்பர்? லீசிங்கும் வேண்டும், பெயரும் மாற்ற வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அந்த லீசிங் யாரிடமிருந்து என்று கேளுங்கள்.

முன்பணம் கட்டினால் கார் உங்களுடையது என்ற எண்ணத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வரும் லீசிங்கில், கடைசித் தவணை முடிந்து பெயர் மாறும் வரை கார் கம்பனியின் சொத்து. நீங்கள் பாவிக்கும் உரிமை உள்ளவர். தவணை தவறினால் அண்ணாவின் காசும் சேர்ந்து ஆபத்தில் இருக்கும். பிணை நிற்கச் சம்மதித்த உங்கள் சக ஆசிரியைக்கும் இதை விளக்கமாகச் சொல்லுங்கள். அவர் போடுவது மரியாதைக் கையெழுத்து இல்லை, நீங்கள் கட்டாவிட்டால் அவர் கட்ட வேண்டும்.

வட்டியைக் கேட்கும்போது கவனம். "வருடத்துக்கு 10 வீதம்தான்" என்று உங்களுக்குச் சொல்லியிருப்பது, கடைசி வரை முழுத் தொகைக்கும் போடுகிற 'பிளாட்' வீதமாக இருக்கலாம். 10 இலட்சத்துக்கு ஐந்து வருடம் அப்படிக் கணக்கிட்டால் வட்டி 5 இலட்சம், மாதத் தவணை 25,000. முதல் குறைந்துகொண்டு வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே போடப்படுகிறது. உண்மையான வீதம் 17க்கு மேல் வரும். ஆகவே வீதத்தைக் கேட்காமல், மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன், இடையில் முடித்தால் எவ்வளவு வெட்டுவீர்கள், ஒரு தவணை பிந்தினால் என்ன தண்டம் என்ற மூன்றையும் தமிழில், எழுத்தில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கம்பனி இலங்கை மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்பதை வங்கியின் இணையத்தளப் பட்டியலில் பார்க்கலாம். முறைப்பாடு வந்தால், முதலில் கம்பனிக்கு எழுத்தில் கொடுத்துவிட்டு, மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்துக்குப் போகலாம்.

பாவித்த காரை வாங்கிய பிறகு பிழை தெரிந்தால் சட்டம் காப்பாற்றுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் தனி ஆளிடம், பார்த்துச் சோதித்து வாங்கிய பழைய காருக்கு அதை வைத்து வழக்காடுவது நீண்ட பாதை. பார்த்து வாங்குவதில் போகிற ஒரு நாள் அதை விட மலிவு. விற்பவர் சொன்னவை, ஓடிய தூரம், விபத்து நடக்கவில்லை என்ற உறுதி எல்லாவற்றையும் விற்பனைக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் வழக்கறிஞரிடம் போக வேண்டி வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

பார்க்கப் போகிற நாள்

வேகன் ஆரோ வேறு சிறிய பெற்றோல் காரோ, காலையில் என்ஜின் குளிராக இருக்கும்போது பாருங்கள். "நான் வரும்வரை ஸ்ராட் பண்ணாதேங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போய்த் தொட்டால் பொனற் சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கென்று மூன்று விஷயம் இருக்கிறது. முதலாவது தண்ணி. வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அதை ரேடியேற்றருக்கு ஊற்றி ஓடிய காரில் உள்ளே வெள்ளைப் படிவு கட்டி என்ஜின் சூடேறும். ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள், நிறமான கூலன்ற் இருக்க வேண்டும். இரண்டாவது உப்புக் காற்று. பருத்தித்துறை, தீவகம் என்று கடற்கரையில் நின்ற காரா என்று கேட்டு, ஹொயிஸ்ற்றில் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். புதுத் தார் பூசியிருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். மூன்றாவது வெள்ளம். 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு நாட்டின் பல பகுதிகளில் தண்ணிக்குள் நின்ற வாகனங்கள் கைமாறுகின்றன. சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீற்றுக்கு அடியில் ஆணிகள் துருப்பிடித்திருந்தால் வெளியேறுங்கள்.

வேகன் ஆர் என்றால் கியர் ஒயில் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். முச்சக்கர வண்டி மாதிரி உதறிக்கொண்டு எடுபட்டால் வேண்டாம்.

இவ்வளவும் சொல்லியும், அண்ணாவின் மனம் நோகக் கூடாது என்று டெமியோவையே எடுக்க நினைத்தால், அது உங்கள் முடிவு, நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு சோதனை மட்டும் செய்யுங்கள். புகைக் குழாயின் உள் விளிம்பில் விரலால் தடவிப் பாருங்கள். வடிகட்டி வேலை செய்கிற காரில் கரி பெரிதாக ஒட்டாது. விரல் கறுப்பாக வந்தால் யாரோ வடிகட்டியை வெட்டி உள்ளதை எடுத்திருக்கிறார்கள், அல்லது அது உடைந்திருக்கிறது. பிறகு ஸ்கானர் உள்ள கராஜ் ஒன்றில் செருகி, வடிகட்டியில் எவ்வளவு கரி, கடைசியாக எரித்து எத்தனை கிலோமீற்றர் என்று பார்க்கச் சொல்லுங்கள். குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்ப எரித்திருந்தால் வடிகட்டி அடைபட்டுக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். புகைச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறது என்று தரகர் காட்டுவார். வாகனத்தின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு அது போதும், வடிகட்டி நல்லதென்று சொல்ல அது போதாது.

அண்ணாவிடம் பேசும்போது மேலே உள்ள இரண்டு கணக்கையும், உங்கள் ஊர் ஓட்டத்தையும் கிளிநொச்சி ஓட்டத்தையும், பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பத்து வருடம் கார் ஓடியவருக்கு இலக்கங்கள் புரியும்.

தரகருக்கு இந்தக் கிழமை ஒன்று மட்டும் சொல்லுங்கள்: எந்தக் காராக இருந்தாலும் பதிவுப் புத்தகத்தின் பிரதி, விற்பவரின் அடையாள அட்டைப் பிரதி, முந்தைய லீசிங் இருந்தால் அது முடிந்ததற்கான கம்பனிக் கடிதம், மூன்றும் கையில் வர வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். அது வரும்வரை முற்பணம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், நாளைக்கு வேறு ஆள் வருகிறார் என்று எத்தனை தரம் ரெலிபோன் எடுத்தாலும் சரி.